முதல் முறையாக தொழில்முறை கால்ஃப் போட்டி: சோனி ஏ7 மார்க் 3, 70-200 போதுமா? சத்தம், நிற்கும் இடம் பற்றி உதவி தேவை

காட்பாடி_கிளிக் கேட்டது:

வணக்கம். வேலூரில் கல்யாணம், கல்லூரி விழா எடுப்பதுதான் தொழில். சென்னையில் நடக்கும் நான்கு நாள் தொழில்முறை கால்ஃப் போட்டிக்கு ராணிப்பேட்டை தோல் நிறுவனம் ஒன்று விளம்பரதாரர். அவர்களுக்காகப் படம் எடுக்க வேண்டும். கிரிக்கெட், கபடி எடுத்த பழக்கம் உண்டு. கால்ஃப் மைதானத்துக்குள் போவது இதுவே முதல் முறை.

கையில் இருப்பது சோனி ஏ7 மார்க் 3, 70-200 எஃப் 2.8, 24-70 எஃப் 2.8, பழைய நிக்கான் டி750. நிறுவனம் கேட்பது: வீரர்கள் அடிக்கும் படம், அவர்கள் பெயர்ப் பலகை பின்னால் தெரியும் படம், பரிசளிப்பு.

ஏ7-இல் சைலன்ட் ஷட்டர் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சத்தப் பிரச்சினை தீர்ந்ததா? 200 மி.மீ. போதுமா? எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

சைலன்ட் ஷட்டரைப் போட்டால் சத்தம் தீரும், படம் கெடும். முதலில் இதைச் சரி செய்துகொள்ளுங்கள் தம்பி, மற்றதெல்லாம் பிறகு.

ஏ7 மார்க் 3-இன் சென்சார் ஒரு படத்தை மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிக்கச் சில பத்து மில்லி விநாடி ஆகும். தொழில்முறை வீரர் டிரைவரால், அதாவது நெடுந்தூரம் அடிக்கும் மட்டையால், அடிக்கும்போது கிளப்பின் (கால்ஃப் மட்டையின்) தலை மணிக்குச் சுமார் 180 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதாவது விநாடிக்கு 50 மீட்டர். சென்சார் 40 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் அதற்குள் கிளப் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். மேல் வரியைப் படித்தபோது இருந்த இடம் வேறு, கீழ் வரியைப் படிக்கும்போது இருக்கும் இடம் வேறு. அதனால்தான் கிளப் வாழை மட்டை மாதிரி வளைந்து விழுகிறது, பந்து முட்டை வடிவமாகிறது. ஷட்டர் வேகத்தை 1/8000 வைத்தாலும் இது மாறாது. ஷட்டர் வேகம் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் ஒளியின் நேரம். வளைவுக்குக் காரணம் வரிகளுக்கு இடையே உள்ள தாமதம். இரண்டும் வேறு வேறு.

மெக்கானிக்கல் ஷட்டரில், அதாவது திரை அசைந்து 'கிளிக்' என்று எடுக்கும் வழக்கமான முறையில், வளைவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். கிளப் பின்னால் போகத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும் வரை எந்தச் சத்தமும் வரக் கூடாது. இது கால்ஃப் மைதானத்தில் விட்டுக்கொடுக்க முடியாத விதி. பின்வீச்சு முக்கால் விநாடி, கீழ்வீச்சு கால் விநாடி, மொத்தம் ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் ஒரு கிளிக் விழுந்தால் ஒரு வீரரின் நான்கு நாள் உழைப்பு கெடும். வெளியேறச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, சோனி ஏ9 வாடகைக்கு எடுங்கள். சென்சாரைப் படிக்கும் வேகம் விநாடியில் சுமார் 160-இல் ஒரு பங்கு. கிளப்பின் தண்டு லேசாகச் சாய்ந்து தெரியலாம், ஆனால் விகாரமாக வளையாது. சத்தமில்லாமல் நொடிக்கு 20 படம். உங்கள் லென்ஸ் அப்படியே பொருந்தும், பேட்டரியும் அதே எஃப்இசட்100 வகைதான். லென்ஸ் சோனியுடையது இல்லை என்றால் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நிற்கும், அதுவே ஏராளம். ஏ9 மார்க் 3 கிடைத்தால் வளைவு என்ற பேச்சே இல்லை, அதன் சென்சார் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. வாடகை அதிகமாக இருக்கும். நிக்கான் இசட்9-உம் இந்த வேலைக்கு நல்ல கேமரா, ஆனால் லென்ஸும் சேர்த்து எடுக்க வேண்டிவரும்.

இரண்டாவது, இருப்பதை வைத்தே எடுப்பது. பந்தில் கிளப் படும் சத்தம் கேட்ட பிறகு அழுத்துங்கள். மனிதக் கை அசைய 0.2 விநாடி ஆகும், அதற்குள் பந்து போய்விடும். கிடைப்பது அடித்து முடித்த நிலை: உடல் திரும்பி, முகம் நிமிர்ந்து, கண் பந்தைத் தேடும் படம். விளம்பரதாரருக்கு அதுவே போதும். சொல்லப்போனால் பந்தில் படும் கணத்தைவிட அதுவே நல்ல படம், ஏனென்றால் முகம் தெரிகிறது.

பந்தும் கிளப்பும் சேர்ந்த படம்தான் வேண்டும் என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் அடியில் பந்து விநாடிக்கு ஏறக்குறைய 75 மீட்டர் போகிறது. 1/1000-இல் 7.5 செ.மீ. நகரும். 1/2000-இல் 3.75 செ.மீ. பந்தின் விட்டமே 4.27 செ.மீ.தான், அதனால் 1/2000-இலும் அது நீண்ட கோடாகத்தான் தெரியும். 1/4000-இல் இரண்டு செ.மீ.க்குள் வரும், பந்து என்று சொல்லலாம். நொடிக்கு 20 படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவே பந்து 3.75 மீட்டர் ஓடிவிடும். எனவே ஒரு அடிக்கு ஒரு பிரேமில் பந்து கிடைத்தாலே நல்ல கணக்கு. பத்து அடி எடுத்தால் மூன்று நான்கில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை வெயிலில் தொடக்க அமைப்பு: எஃப் 4, 1/2000, ஐஎஸ்ஓ 400 முதல் 800. பத்து மணிக்கு மேல் நல்ல வெயிலில் எஃப் 4, 1/3200, ஐஎஸ்ஓ 200. மெக்கானிக்கல் ஷட்டரில் 1/2000-க்கு மேல் போகும்போது எலக்ட்ரானிக் முன் திரை என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னணி மங்கலின் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட மாதிரி வரும்.

---

சத்துவாச்சாரி_எஸ் எழுதியது:

பாலாற்றங்கரை அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏ9 கையில் இருந்தாலும் முதல் நாளில் பின்வீச்சின்போது அழுத்த வேண்டாம். சத்தமில்லா கேமராவுக்குச் சில போட்டிகளில் அனுமதி தருகிறார்கள், சிலவற்றில் எந்தக் கேமராவாக இருந்தாலும் அடித்த பிறகுதான் என்கிறார்கள். ஊடகப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீரருக்கு உங்கள் கேமரா எந்த வகை என்று தெரியாது, கண்ணோரத்தில் லென்ஸ் அசைவது மட்டும்தான் தெரியும்.

நிற்கும் இடம். டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், பந்துக்கு முன்னால் போகவே கூடாது. பந்துக்கு நேர் பின்னால், இலக்குக் கோட்டில், நிற்பதும் கூடாது. வீரர் பந்தைப் பார்த்துக் குனியும்போது அந்தக் கோடு அவர் கண்ணோரத்தில் இருக்கும். வலக்கை வீரர் என்றால் அவர் மார்பு பார்க்கும் பக்கம், டீயைச் சுற்றிப் பார்வையாளரைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, பந்துக்கு இணையாக அல்லது ஓரடி பின்னால். அல்லது அவர் முதுகுப் பக்கம். மார்புப் பக்கம் நின்றால் முகம் கிடைக்கும், ஆனால் அசையாமல் இருக்க வேண்டும். அவர் பந்தருகே நின்று கால் வைக்கும் முன்பே நீங்கள் முழங்காலிட்டு லென்ஸைத் தூக்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் அந்த அடியை விட்டுவிடுங்கள், அடுத்தவர் அடிப்பார்.

கயிற்றுக்கு உள்ளே போக அனுமதி, அதாவது கைப்பட்டையோ மேலங்கியோ கொடுத்திருந்தால்கூட, கயிற்றிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் நடப்பதுதான் வழக்கம். ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடையே உள்ள வெட்டிய புல்வெளி) நடுவில் நடக்கக் கூடாது. கிரீன், அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரை, மீது கால் வைக்கவே கூடாது. பங்கர் எனும் மணல் பள்ளத்தில் இறங்கினால் உங்கள் செருப்புத் தடத்தில் ஒரு வீரரின் பந்து விழும், அதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ஷல் (கூட்டத்தைக் கட்டுப்படுத்துபவர்) கையை உயர்த்தினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பாதி அடி எடுத்திருந்தாலும்.

பந்து உங்கள் காலருகே உருண்டு வந்து நின்றால் தொடாதீர்கள், நகராதீர்கள், மார்ஷலுக்குச் சைகை காட்டுங்கள். உருண்டுவரும் பந்து தற்செயலாக உங்கள் மீது பட்டால் வீரருக்குத் தண்டனை இல்லை. நின்ற பந்தை நீங்கள் நகர்த்திவிட்டால் பழைய இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும், அதற்குள் நேரமும் மனநிலையும் போகும். பந்து புதரில் விழுந்ததைப் பார்த்திருந்தால் இடத்தைக் காட்டலாம். தேட மூன்று நிமிடம்தான் தருகிறார்கள், அந்த உதவிக்கு நன்றி சொல்வார்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம், எந்தக் கிளப் எடுக்கலாம் என்றெல்லாம் வாய் திறக்கக் கூடாது.

"ஃபோர்" (பந்து வருகிறது என்ற எச்சரிக்கை) என்று கூச்சல் கேட்டால் மேலே பார்க்காதீர்கள். தலையைக் குனிந்து இரு கைகளாலும் மூடுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர்களுக்குத்தான் முகத்தில் படும்.

உடை: காலர் வைத்த டி-சர்ட், சாதாரண பேன்ட், தட்டை அடி உள்ள ஷூ. பல கால்ஃப் சங்கங்களில் ஜீன்ஸுக்கு அனுமதி இல்லை. பளீர் நிறம் வேண்டாம். ஃபோன் சைலன்ட், கேமராவின் பீப் ஒலி ஆஃப், ஃபோகஸ் உதவி விளக்கு ஆஃப். அந்தச் சிவப்பு விளக்கை மறந்துவிடுகிறார்கள், கிரீனில் அது நேராக வீரரின் கண்ணில் படும். ஃபிளாஷ் பரிசளிப்புக்கு மட்டும்.

---

ஆற்காடு_400 எழுதியது:

200 மி.மீ. போதுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கு இது. வீரர் கிளப்பைத் தலைக்கு மேல் தூக்கிய நிலையில் மூன்று மீட்டர் உயரம் வேண்டும். ஃபுல் பிரேமில் 200 மி.மீ. வைத்துக் கிடையாகப் பிடித்தால் அந்த மூன்று மீட்டர் 25 மீட்டர் தூரத்தில் பிரேமை நிரப்பும். நெடுக்காகப் பிடித்தால் 17 மீட்டர். கிளப்பின் நுனி வெட்டுப்படாமல் இருக்கக் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் 30, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயில் இந்தத் தூரம் கிடைக்கும். ஃபேர்வேயிலும் பெரிய கிரீனிலும் கிடைக்காது. 400 மி.மீ. என்றால் 50 மீட்டரிலிருந்து அதே அளவு படம், அந்தத் தூரத்தில் மெக்கானிக்கல் ஷட்டர் சத்தமும் பாதி தேய்ந்துவிடும். முதல் முறைக்கு 100-400 வாடகைக்கு எடுத்தால் போதும். 600 எஃப் 4 தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பதினெட்டு ஹோல் (டீயிலிருந்து குழி வரை ஒரு ஹோல்) நடக்கையில் தோள் கழன்றுவிடும். வாடகை முடியாவிட்டால் லென்ஸின் நீட்டத்தைக் கூட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர், இல்லையேல் கேமராவை ஏபிஎஸ்-சி முறைக்கு (சென்சாரின் நடுப்பகுதி மட்டும்) மாற்றினால் 300 மி.மீ. மாதிரி ஆகும். படம் 10 மெகாபிக்சலுக்குக் குறையும், இணையத்துக்கும் செய்தித்தாளுக்கும் அது போதும். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) கட்டாயம்.

இன்னொன்று. புதியவர்கள் எல்லோரும் டீயிலேயே நின்று நூறு ஸ்விங் எடுக்கிறார்கள். எல்லாம் ஒரே படம்தான், சட்டை நிறம் மட்டும் மாறும். கால்ஃபில் உணர்ச்சி இருக்கும் இடம் பங்கரும் கிரீனும்.

பங்கர்: மணல் சிதறும் படம் எல்லோருக்கும் பிடிக்கும். வீரருக்கு எதிர்ப்பக்கம், கொடிக்கு நேர்கோட்டில் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு அடி விலகி, தரையோடு தரையாக உட்காருங்கள். 1/3200. ஃபோகஸ் வீரரின் மீது. மணல் எழுந்ததும் ஃபோகஸ் மணலுக்குத் தாவப் பார்க்கும். ஃபோகஸ் தொடரும் உணர்திறனை மந்தமாக வையுங்கள், சோனியில் 'லாக்ட் ஆன்' பக்கம். வெள்ளை மணல் எரிந்துவிடாமல் பார்த்து எடுங்கள், சிதறும் துகள் தனித்தனியாகத் தெரியும். மணலில் கிளப் பட்ட சத்தத்துக்குப் பிறகு அழுத்தினாலும் மணல் காற்றில்தான் இருக்கும். மெக்கானிக்கல் ஷட்டர்காரருக்கு கால்ஃபில் கிடைக்கும் பெரிய வரம் இதுதான்.

கிரீன்: பட், அதாவது பந்தைக் குழி நோக்கி உருட்டும் அடி, அடித்த பிறகு பந்தைத் துரத்தாதீர்கள். லென்ஸ் வீரரின் முகத்திலேயே இருக்கட்டும். பந்து விழுமா விழாதா என்பதை முகமே சொல்லும். 1/1000 போதும். குழிக்குப் பின்னால் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில். ஒருவர் பட் முடித்ததும் எழுந்து ஓடக் கூடாது, அந்தக் குழுவில் மூன்று பேரும் முடிக்கும் வரை அசையக் கூடாது.

தொப்பி நிழல் பெரிய தொல்லை. எல்லோரும் தொப்பி போட்டிருப்பார்கள், உச்சி வெயிலில் மூக்குக்கு மேலே கருப்புதான். அதனால்தான் உட்கார்ந்து எடுக்கச் சொல்வது, கீழிருந்து பார்த்தால் தொப்பியின் விளிம்புக்கு அடியில் முகம் தெரியும், புல்லில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஏறும். அப்படியும் ஒளியை 0.7 ஸ்டாப் கூட்டுங்கள், வெள்ளைச் சட்டை எரிகிறதா என்று ஸீப்ரா கோட்டை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் தெரியும் கோடு) பார்த்துக்கொண்டு. நல்ல முகங்களைக் காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் எடுத்துவிடுங்கள். நடுப்பகலில் பலகைப் படம், கேடி (வீரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்), கூட்டம், மைதானம்.

---

காட்பாடி_கிளிக் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏ9-உம் 100-400-உம் வாடகைக்குக் கேட்கிறேன். மூன்று சந்தேகம். வேலூரில் கால்ஃப் மைதானம் இல்லாமல் எப்படிப் பழகுவது? பலகைப் படத்துக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா? டி750-ஐக் கூடக் கொண்டு போகலாமா, அதில் க்யூ என்ற அமைதி முறை இருக்கிறதே?

---

பாலாற்றங்கரை எழுதியது:

டி750-இன் க்யூ முறை கண்ணாடி திரும்பும் சத்தத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. கிரீனருகே நன்றாகக் கேட்கும். இதற்குப் பொருந்தும் நிக்கான் வகை லென்ஸ் மாட்டிப் (சோனி லென்ஸ் இதில் ஏறாது) பரிசளிப்புக்கும் மைதானக் காட்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீரர் அடிக்கும் இடத்தில் அதைத் தோளிலிருந்து இறக்கவே வேண்டாம்.

பழக, கோட்டை மைதானத்தில் மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் போதும். மட்டையில் பந்து படும் சத்தத்துக்குப் பிறகுதான் அழுத்துவது என்று கையைப் பழக்குங்கள். கிரிக்கெட் எடுத்த கைக்கு இதுவே கடினம், பந்து வரும் முன்பே விரல் அழுத்தும். ஒரு வாரம் தினமும் நூறு முறை செய்தால் அந்தப் பழக்கம் மாறும். பிறகு நண்பர் ஒருவரை ஹாக்கி மட்டையைச் சுழற்றச் சொல்லி, ஏ9 வந்ததும் சைலன்டில் எடுத்துப் பாருங்கள், அதே சுழற்சியை ஏ7 சைலன்டிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு என்று நான் சொன்னது அப்போதுதான் புரியும். மோனோபாடோடு முழங்காலிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருப்பதையும் பழகுங்கள்.

நம்மூர் வெயில் காய்ந்த வெயில், சென்னை வெயில் ஈரமானது. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும், துடைக்கத் துடைக்க வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். முதல் குழு காலை ஆறரை மணி வாக்கில் தொடங்கிவிடும் என்பதால், முந்தைய நாளே போய்த் தங்குங்கள். காட்பாடியில் நடுராத்திரி ரயில் ஏறித் தூங்காமல் போனால் மத்தியானம் கை நடுங்கும். பத்து மணிக்கு மேல் நீண்ட லென்ஸில் நூறு மீட்டர் தாண்டிய படம் கானலில் கலங்கும், அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து அமைப்பை மாற்றாதீர்கள். கிட்டே போய் எடுங்கள்.

---

சத்துவாச்சாரி_எஸ் எழுதியது:

பலகைக்கு: போட்டிக்கு முந்தைய பயிற்சி நாளிலோ புரோ-ஆம் (தொழில்முறை வீரரும் பொழுதுபோக்கு வீரரும் சேர்ந்து ஆடும்) நாளிலோ நுழைய அனுமதி வாங்குங்கள். அன்று கெடுபிடி குறைவு, வீரர்களும் சிரித்த முகமாக இருப்பார்கள். மைதானம் முழுக்க நடந்து எந்தெந்த ஹோலில் உங்கள் நிறுவனத்தின் பலகை இருக்கிறது, அதில் எத்தனை மணிக்கு வெயில் படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃப் 2.8-இல் எடுத்தால் எழுத்து கரையும். எஃப் 5.6 முதல் 8 வரை மூடுங்கள், வீரருக்கும் பலகைக்கும் இடையே தூரம் குறைவான கோணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு நாளும் ஒரே குழுவின் பின்னால் பதினெட்டு ஹோல் நடக்காதீர்கள். ஒரு சுற்று நாலரை, ஐந்து மணி நேரம். ஒரு ஹோலின் கிரீனும் அடுத்த ஹோலின் டீயும் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால், குழுக்கள் தாமாகவே வரும். பட்டும் டிரைவும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் இரண்டு நாளில் முடிந்தவரை எல்லா வீரரையும் ஒரு நல்ல படமாவது எடுத்து வையுங்கள். 36 ஹோலுக்குப் பிறகு பாதிப் பேருக்கு மேல் வெளியேறிவிடுவார்கள், ஆனால் அவர்களில் ஒருவரை நிறுவனம் கேட்கலாம். கடைசி நாள் முன்னணிக் குழு, அதிலும் கடைசி ஒன்பது ஹோல்.

தினமும் காலையில் இரண்டு தாள் வாங்குங்கள்: யார் எத்தனை மணிக்கு எந்த டீயில் தொடங்குகிறார் என்ற தாள், ஒவ்வொரு கிரீனிலும் குழி எங்கே வெட்டியிருக்கிறது என்ற தாள். இரண்டாவதைப் பார்த்தால் பதினெட்டாவது கிரீனில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெற்றி பட்டின்போது முகம் உங்கள் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். கடைசிக் குழு பதினாறாவதில் இருக்கும்போதே அங்கே போய் இடம் பிடியுங்கள்.

---

ஆற்காடு_400 எழுதியது:

பெயர் குழப்பம்தான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். தொப்பி போட்டால் எல்லோரும் ஒரே மாதிரி. பெரிய போட்டிகளில் கேடியின் மேலங்கியில் வீரர் பெயர் இருக்கும். ஒவ்வொரு குழு வந்ததும் முதலில் மூன்று கேடிகளின் முதுகையும் ஒரு படம் எடுத்துவிட்டு வீரர்களை எடுங்கள். பெயர் இல்லாத போட்டி என்றால் நேரத் தாளை ஒரு படம் எடுத்து, குழுவின் வரிசைப்படி சட்டை நிறத்தை ஃபோனில் குறியுங்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டின் கடிகாரமும் ஒரே நொடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை கலையும்.

படக்குறிப்பில் வீரர் பெயர், ஹோல் எண், எந்தச் சுற்று, போட்டி, ஊர், தேதி. ஜேபெக், நீண்ட பக்கம் 3000 பிக்சல். ஸ்விங் படத்தில் கிளப்பின் தலையோ பந்தோ வெட்டுப்பட்டிருந்தால் முகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். நாளொன்றுக்கு முப்பது படம் போதும், அவர்கள் அதில் ஐந்தைத்தான் எடுப்பார்கள்.

அனுமதிக் கடிதத்தை இப்போதே கேட்டுவிடுங்கள். விளம்பரதாரர் அழைத்தார் என்பது கயிற்றுக்கு உள்ளே போகும் அனுமதி ஆகாது. நிறுவனத்தின் பெயர்த் தாளில், உங்கள் பெயர், கேமரா வரிசை எண், எந்தெந்த நாள் என்று எழுதி அமைப்பாளரின் ஊடகப் பிரிவுக்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது போக வேண்டும். கைப்பட்டை எண் கையில் வந்த பிறகு ஏ9-க்கு முன்பணம் கட்டுங்கள்.